மூணு விரக்கடை ஆழம்

புரட்டாசியில் எங்கள் ஊரில் விதைக்க ஆள் கேட்டால் சிரிப்பார்கள். தீபாவளி சீசன். ஆமத்தூரில் இருக்கும் அத்தனை பேரையும் காலையிலேயே பட்டாசுக் கம்பெனி வேன் அள்ளிக்கொண்டு போய்விடும். அம்மாவையும்தான்.

"ஒரே ஒரு நாள் வாம்மா. மழைக்கு முன்னாடி, காஞ்ச மண்ணுலயே விதைச்சிரணும்."

"சீசன்ல லீவு போட்டா அடுத்த தடவ கூப்பிட மாட்டாக. தீவாளி முடியட்டும், மழை பெஞ்சப்புறம் எப்பவும்போல விதைப்போம்."

எப்பவும்போல விதைத்துத்தான் ரெண்டு வருசம் போச்சு. மழை பெய்துவிட்டால் கரிசல் காலை விடாது, பத்து நாள் உள்ளே இறங்க முடியாது. மழையோ இப்போதெல்லாம் சீக்கிரமே கடையைக் கட்டிவிடுகிறது. சோளம் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணி இல்லாமல் எல்லாம் மணி பிடிக்காத சாவி. இதைச் சொன்னால், "நாலு வருசம் அக்ரி படிச்சதுக்கு மழையக் குறை சொல்லு" என்கிறாள். இந்த வருசமும் சாவியானால் அந்த ஒரு ஏக்கரையும் கம்பெனி ஷெட்டுக்கு விற்றுவிடுவது என்று முடிவே பண்ணிவிட்டாள்.

தனியாக இறங்கினேன். டிராக்டர் கிழித்த சாலில் விதையைப் போட்டுக் காலால் மண் தள்ளி மூடினேன். மூணு விரக்கடை ஆழம், குறையவே கூடாது. மேலாகக் கிடந்தால் சின்னத் தூறலுக்கே முளைத்து அடுத்த வெயிலில் கருகிவிடும். ஆழத்தில் கிடந்தால் நல்ல மழை இறங்கினால்தான் முளைக்கும். மூன்று நாள் வேலை. பேச ஆளில்லை, சண்டை போடக்கூட ஆளில்லை. கம்பெனியையும் அம்மாவையும் காலேஜையும் நானே சத்தமாகத் திட்டிக்கொண்டேன்.

நாலாம் நாள் மத்தியானம் கால் மணி நேரம் தூறியது. பக்கத்துப் புஞ்சை கோட்டைச்சாமி மாமா பைக்கை நிறுத்தினார்.

"ஏத்தா பானு, போச்சா? விதை பூராம் இப்ப முளைச்சுச் சாகப் போகுது."

"உங்க விதையா மாமா? நீங்க இன்னும் மூட்டையக்கூடப் பிரிக்கலையே."

"வாய் மட்டும் நல்லா முளைக்குது!"

அவர் போனபிறகு ஒரு சாலில் குனிந்து மண்ணில் கை வைத்தேன், தோண்டாமலே எழுந்துவிட்டேன்.

ரெண்டு நாள் வெயில் கொளுத்தியது. அப்புறம்தான் தோண்டிப் பார்க்கத் துணிந்தேன். மேலே ஒரு விரக்கடைக்குத் தூறலில் நனைந்து காய்ந்த பொருக்கு. அதற்குக் கீழே பொடி மண். அதில் சோளம் போட்டபடியே கிடந்தது. ஊறக்கூட இல்லை. தூறல் அதை ஏமாற்றவில்லை.

அம்மாவுக்கு போன் அடித்தேன். கம்பெனி வாட்ச்மேன் கருப்பணன் எடுத்தார்.

"போன உள்ள கொண்டுபோக விட மாட்டாகத்தா, கேட்லதான் கிடக்கு. என்ன சேதி, சொல்லு."

"விதை முளைக்கலைன்னு சொல்லுங்கண்ணே."

"அய்யய்யோ! ஒத்தையில கிடந்து அம்புட்டுப் பாடுபட்டியே. சொல்லிர்றேன்த்தா."

முளைக்காததுதான் நல்ல சேதி என்று சொல்ல வாயெடுத்தேன். வைத்துவிட்டார்.

திரும்ப அடிக்கவில்லை. தோண்டிய விதையை மூடிவிட்டு, அடுத்த சாலில் போய் உட்கார்ந்து தோண்டினேன். அங்கேயும் முளைக்கவில்லை.