சாவுக்கு வந்த வண்டி

மெரினா இறந்து கிடந்த அப்பாவின் சட்டைக்குக் கடைசிப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தபோது, கீழே வளைவில் கனத்த வண்டியொன்றின் சத்தம் கேட்டது. இஸ்தோப்புத் திண்ணையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பச்சை நிற ட்ரக் தேயிலைக்கு நடுவே குலுங்கிக் குலுங்கி ஏறி வந்தது.

"யாரு?" என்றாள் தெரேசா, புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்தபடியே.

"ஆமிக்காரங்கம்மா."

தெரேசா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

தோட்டத்தில் வேலை இல்லாத காலத்தில், கூட்டாளி கந்தப்பனோடு போய் ஆமியில் சேர்ந்தவர் மெரினாவின் அப்பா அலோசியஸ். இருவருக்கும் சமையல்கட்டில் வேலை. லயத்து வீடுகளில் சிலர் ஆமியில் சேர்ந்ததற்காகவே பல வருஷம் அவர்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வடக்கில் அவர்கள் போன வண்டி கண்ணிவெடியில் சிக்கியது. அலோசியஸுக்கு இடது கால் போனது. கந்தப்பனின் நெஞ்சுக்குள் இரும்புத் துண்டு தங்கிவிட்டது. ஊர் திரும்பிய பிறகு மாதாமாதம் டவுன் ஆமி கேம்பிலிருந்து வேன் வந்து இருவரையும் கொழும்பு கிளினிக்குக் கூட்டிப் போகும்.

போன வருஷம் அந்த வேன் நின்றது. அரசாங்கம் அதற்குக் காசு ஒதுக்கவில்லை என்றார்கள். மெரினா அப்பாவை பஸ்ஸில் அழைத்துப் போனாள். கால் வெட்டிய இடத்தில் புண் மறுபடி வாய் திறந்திருந்தது. கிளினிக்கில், மருந்து வரவில்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்பா சிங்களத்தில் "சரி சேர்" என்று சொல்லிவிட்டு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார்.

"அவங்க என்னா செய்வாங்க? இருந்தா குடுத்திருப்பாங்க" என்றார், வெளியே வந்து மெரினாவிடம்.

அதற்குப் பிறகு அவர் கிளினிக் போகவில்லை. போன கிழமை காய்ச்சல் கொதித்தபோது மெரினா கேம்புக்கு போன் எடுத்துக் கெஞ்சினாள். வண்டி அனுப்ப அனுமதி இல்லை என்றது ஒரு குரல்.

கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. மெரினா வெளியே வந்து கதவைத் திரும்பச் சாத்தினாள். வெளியே இளவயது கோப்ரல் ஒருவன், மடித்த கொடியை இரண்டு கையிலும் ஏந்தி நின்றான். அவனுக்குப் பின்னால் துப்பாக்கிகளோடு சிப்பாய்கள்.

"நங்கி, மரியாதை செய்ய வந்திருக்கோம்" என்றான் சிங்களத்தில், தங்கச்சி முறை வைத்து.

உள்ளேயிருந்து தெரேசா கத்தினாள். "மனுசன் சீக்கா கெடந்தப்ப வராத வண்டி இப்ப எதுக்கு? போகச் சொல்லு!"

மெரினா அதை மொழிபெயர்க்கவில்லை. அவனுக்குப் புரிந்திருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது நங்கி. சாவு வீட்டுக்குப் போகச் சொன்னாங்க. அதுக்கு டீசல் குடுத்தாங்க."

இஸ்தோப்பு வாங்குப் பலகையில் இருமிக்கொண்டிருந்த கந்தப்பன் சுவரைப் பிடித்து எழுந்தார். "போர்த்தட்டும் தங்கச்சி. அலோசியஸ் அதுக்கு ஆசப்பட்டான். எங்கிட்ட சொல்லியிருக்கான்."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு கதவு திறந்தது. தெரேசா யார் முகத்தையும் பார்க்காமல் ஒதுங்கி நின்றாள்.

தோட்டத்துக் கல்லறையில் பாதர் செபம் சொல்லி முடித்ததும் வெடி தீர்த்தார்கள். ஒரு சிப்பாய் பியூகிள் ஊதினான். மண் போட்டு ஆட்கள் கலைந்தபோது மெரினா நேரே கோப்ரலிடம் போனாள்.

"வண்டி எங்க போகுது சேர்?"

"கொழும்புக்குத்தான். அங்கயிருந்துதான் வந்தோம்."

கல்லறை வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிய கந்தப்பனை அவள் காட்டினாள். "அவரும் உங்க ஆளுதான். கிளினிக் போய் மாசக்கணக்காச்சு. ஏத்திக்கிட்டுப் போங்க."

"முடியாது நங்கி. சாவுக்கு மட்டுந்தான் அனுமதி."

"அவரு செத்தா மறுபடி வருவீங்கதானே? அந்த வண்டியை இப்பவே குடுங்க."

கோப்ரல் தேயிலைக்குள் தள்ளிப்போய் போனில் பேசினான். 'சரி சேர், சரி சேர்' என்பது மட்டும் அவளுக்குக் கேட்டது. திரும்பி வந்து போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"ஏறச் சொல்லுங்க."

"என்ன சொன்னாங்க?"

"அதைக் கேட்காதீங்க."

கந்தப்பன் ட்ரக்கின் பின்பக்கம் வரை வந்து நின்றுவிட்டார். "அங்க போயும் மருந்து இல்லன்னா?"

தெரேசா வந்து அவர் முதுகில் கை வைத்தாள். "ஏறுங்கண்ணே."

சிப்பாய்கள் இரண்டு பேர் குனிந்து அவரைத் தூக்கிவிட்டார்கள். நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். வண்டி கிளம்பியதும் எல்லோரும் கம்பியைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஊதியவன் பியூகிளை அவர் மடியில் வைத்தான். கந்தப்பன் அதைக் கீழே விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முதல் வளைவில் இருமல் வந்தபோதும் அவர் கையை எடுக்கவில்லை.