தழும்பு இல்லாத கழுத்து

கிடங்கில் மூட்டையின் வாய் தைக்கிற வேலை அவளுக்கு. கோணூசியில் சணலைக் கோத்து, ஒரு மூலையில் முடிச்சுப் போட்டு, மறு மூலை வரைக்கும் இழுத்துக்கொண்டே போக வேண்டும். தைத்த மூட்டையை இரண்டு பேர் தூக்கிக் கொடுக்க, அவள் புருஷன் குனிந்து பிடரியில் வாங்கிக்கொண்டு லாரிப் பலகையில் ஏறுவான். கிடங்கில் அவனுக்கு 'இரும்பு' என்று பட்டம். அதில் அவளுக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

சுமை தூக்குகிறவர்களுக்குக் கழுத்தில் முடிச்சு விழுவது புதிதில்லை. எண்ணெய் தொட்டுக் கட்டைவிரலால் நசுக்கிக் கரைத்துவிடுவார்கள். இவனுக்கு இடது தாடைக்குக் கீழே ஒன்று புடைத்தபோது அவளும் அதைத்தான் செய்தாள். அன்றாடம் வேலை முடிந்து வந்ததும் உட்கார வைத்து நசுக்கினாள். அது கரைகிற வழியாக இல்லை. ஒரு சாயங்காலம் விரலை எடுக்காமல் வைத்திருந்தபோது, உள்ளிருந்து எதுவோ விரலைத் தள்ளியது. விட்டு, மறுபடியும் தள்ளியது.

"என்னங்க, இது துடிக்குது."

"துடிக்காம? உசுரோடதானே இருக்கேன்" என்று சிரித்தான்.

மறுநாள் அவள் அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இது முடிச்சு இல்லம்மா. மூளைக்கு ரத்தம் போற குழாய். சுவர் மெலிஞ்சு பலூன் மாதிரி உப்பியிருக்கு. உள்ள ரத்தம் உறைஞ்சு கிடக்கு. அதுல ஒரு துணுக்கு மேல போனா கை கால் விழுந்துடும். வெடிச்சா..." நிறுத்திக்கொண்டாள். "யாராவது அமுக்கினீங்களா?"

அவள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "நான்தான், டாக்டர்..."

"தெரியாமச் செஞ்சதுதானே. இனிமே யாரும் தொடாதீங்க."

கழுத்தைக் கிழிக்க வேண்டாம் என்றாள் டாக்டரம்மா. தொடை இடுக்கில் சின்னத் துளை போட்டு, ரத்தக்குழாய் வழியாகவே மெல்லிய குழாயைக் கழுத்துவரை ஏற்றி, உப்பிய இடத்தில் ஸ்டென்ட் என்கிற கம்பி வலையை விரித்துவிடுவார்கள். ரத்தம் அதற்குள் ஓடிப் பழகிவிட்டால் உப்பல் தன்னால் சுருங்கும். "ஆனா நான் சொல்ற வரைக்கும் கழுத்துல பாரம் ஏத்தவே கூடாது. வலை நசுங்கினா ரத்தம் அடைச்சுக்கும்."

வலை வைக்கிற அன்றைக்கு அவனுக்கு மயக்க மருந்து கொடுக்கவில்லை. மூளை சரியாக இருக்கிறதா என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்வார்களாம். கதவுக்கு இந்தப் பக்கம் அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"மூட்டை தூக்கறேன்."

"கையை இறுக்கிப் பிடிங்க. எத்தனை பிள்ளைங்க?"

"ரெண்டு."

"பெரியவன் என்ன படிக்கிறான்?"

பதில் வரவில்லை. உள்ளே யாரோ வேகமாக நடக்கிற சத்தம். மறுபடியும் அதே கேள்வி. நான் நசுக்கியதுதான் மேலே போய்விட்டது, என் விரல்தான் கொன்றுவிட்டது என்று நினைத்தபடி அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ கிட்டதான் கேக்கணும், டாக்டர்" என்றது அவன் குரல், நிதானமாக. "எனக்கு எங்க தெரியும்?"

அவள் தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் மேஸ்திரி முன்னால் சட்டையைத் தூக்கித் தையலைக் காட்டினார். அவருக்குச் சாக்கு உதறுகிற வேலை கிடைத்தது. முதுகு கிழிபட்ட இன்னொருவருக்கும் அப்படித்தான். அதை நம்பித்தான் அவள் புருஷனை அழைத்துப் போனாள்.

"எங்கடா, காட்டு" என்றார் மேஸ்திரி. அவன் கழுத்தைத் திருப்பினான். வீக்கம்கூட வடிந்து, மழமழவென்று இருந்தது.

"வெட்டவே இல்லையே!"

"தொடையில ஓட்டை போட்டாங்கண்ணே."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "கழுத்து நோவுக்குத் தொடையில வைத்தியமா? யார் காதுல பூ சுத்தறே?" அவள் நீட்டிய ஆஸ்பத்திரிச் சீட்டை அவர் வாங்கவில்லை. "சீட்டு யாரு வேணா வாங்கலாம்மா. தையல் காட்டினவன நான் உக்கார வைக்கலையா? தூக்க முடியலைன்னா சொல்லிடு, வெளியில நாலு பேர் நிக்கறான்."

"வாங்க, வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள் அவள், அவன் காதருகில்.

"போயி? உன் ஒருத்தி கையில நாலு வயிறு நிறையுமா?" சும்மாட்டுத் துணியை உதறினான். "வலப்பக்கமா வாங்கிக்கறேன். நீ போய் உக்காரு."

அவள் போய் உட்கார்ந்தாள். மூட்டை முன்னால் வந்தது. கோணூசியைக் குத்தினாள், இழுத்தாள். தையலுக்கு மேல் தையலாக, நெருக்கி நெருக்கிப் போட்டாள். மறு மூலை வந்துவிட்டது. சணலை அறுக்காமல், வந்த வழியே திரும்பித் தைக்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா, சாக்குக்கு ஆபரேஷன் பண்றியா?" என்று மேஸ்திரி கத்தினார்.

அவள் நிமிரவில்லை. பலகையருகில் அவன் பிடரியில் துணியைப் போட்டு, கழுத்தைத் தாழ்த்தி, மூட்டைக்காகக் காத்துக்கொண்டு நின்றான்.