இரண்டு வைத்தியருக்கு ஒரு வயிறு

வயிறு சரியாக இருந்தால் வைத்தியர் எதற்கு என்பார்கள். கத்தியக்காவுக்கு வயிறும் சரியில்லை, வைத்தியர்களும் இரண்டு பேர். ஒருவரைப் பற்றி இன்னொருவருக்குத் தெரியாது.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வெட்டு மேஜை அவளுடையது. ஒரு சாண் உயரத்துக்கு அடுக்கிய துணிமேல் மின்கத்தியை ஓட்டி, சாக்பீஸால் போட்ட கோட்டை விட்டு நூலளவும் விலகாமல் சட்டைக் கைகளும் கழுத்தும் வெட்டி எடுப்பாள். அந்த மேஜைக்கு வந்து சேர்ந்த ஒரே பெண் அவள்தான். அதனால்தான் கத்தியக்கா என்ற பட்டப்பெயர். வீட்டில் பேச்சு எடுபடாதவளுக்கு அந்தப் பெயரைக் கேட்கும்போது மட்டும் முதுகு தானாக நிமிரும்.

சர்க்கரை நோய் பல வருடமாக உடன் இருந்தது. காலையிலும் மாலையிலும், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் ஒரு மாத்திரை. அதோடு அவள் எப்படியோ ஒத்துப்போயிருந்தாள். ஒத்துப்போகாதது வயிறுதான். இரண்டு வாய் சாப்பிட்டால் மத்தளம் மாதிரி உப்பும். புளித்த ஏப்பம் நெஞ்சுவரை ஏறும். படுத்தால் காரணமே இல்லாமல் மனம் அடித்துக்கொள்ளும். சர்க்கரை டாக்டரிடம் சொன்னபோது, எல்லாம் டென்ஷன், கவலைப்படாதீங்க என்றார். கவலைப்படாமல் இருப்பது எப்படி என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

அவளை ஆயுர்வேத வைத்தியரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனவள் நாத்தனார். போகும் வழியிலேயே பாடம் நடத்திவிட்டாள்.

"அண்ணி, இங்கிலீஷ் மாத்திரை திங்கிறேன்னு அங்க உளறி வைக்காதீங்க. அப்புறம் தொடவே மாட்டாங்க. ரெண்டு பொண்டாட்டிக்காரன் எப்படி இருப்பான்? இந்த வீட்டுப் பேச்சு அந்த வீட்டுக்குப் போகாது. அந்த மாதிரி இருந்துக்கோங்க."

வைத்தியரம்மா நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். வேறு நோய் உண்டா, வேறு மருந்து எடுக்கிறீர்களா என்று இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் இல்லை என்றாள் அவள். வயிற்றின் அக்கினி மந்தமாகிவிட்டது, வாயு மேலேறி மனத்தையும் அலைக்கழிக்கிறது என்று அவர் விளக்கினார். ஒரு சூரணமும், இரவில் உள்ளங்காலில் தேய்க்க ஒரு எண்ணெயும் தந்தார். பசி வந்த பிறகு மட்டும் சாப்பிட வேண்டும், பசிக்காமல் தட்டைத் தொடக்கூடாது என்பதுதான் முக்கியமான மருந்து என்றார்.

வயிறு உண்மையாகவே லேசானது. அவளால் நம்ப முடியவில்லை. உப்பலும் ஏப்பமும் குறைந்ததும் வைத்தியரம்மாவின் சொல் அவளுக்கு வேதவாக்காகிவிட்டது. மாத்திரையைக் கடிகாரம் பார்த்து விழுங்குவாள். சாப்பாட்டைப் பசி பார்த்துச் சாப்பிடுவாள். கடிகாரம் தவறாமல் வந்தது. பசிதான் தன் இஷ்டத்துக்கு வந்தது.

பிறகு, முற்பகல் நேரங்களில் பிடரியில் வியர்வை குளிர ஆரம்பித்தது. விரல்கள் தனியாக ஆடின. கண்முன் வெளிச்சம் மங்கும், ஏதோ நடக்கப்போகிறது என்று திகிலாக இருக்கும். மனத்தின் அலைச்சல் கடைசியில்தான் அடங்கும் என்று வைத்தியரம்மா அன்றே சொல்லியிருந்தார். ஆகவே இது அந்தப் பயநோய்தான் என்று முடிவுகட்டிக்கொண்டு, பத்தியத்தை இன்னும் இறுக்கினாள். காலையில் மாத்திரையும் வெந்நீருமே ஆகாரம் என்று ஆனது.

அப்படி ஒரு காலையில்தான் கத்தி கோட்டைத் தாண்டி ஓடியது. ஓர் அடுக்குத் துணி முழுவதும் தோள்பட்டையில் கோணிக்கொண்டது. இடதுகை உறையில் இருந்த இரும்பு வலையைக் கத்தி உரசிய சத்தத்தில் பக்கத்து மேஜைகள் நின்றன.

மேற்பார்வையாளன் அவளைவிடச் சின்னவன். கத்தவில்லை. "அக்கா, துணி போனா வாங்கிக்கலாம். விரல் போனா எந்தக் கடையில வாங்குறது? குணமாகிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னான். குணமாகும்வரை அவளுக்கு, மற்றவர்கள் வெட்டிய துண்டுகளைக் கட்டு கட்டும் வேலை. அவன் கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது. கட்டு கட்டப் போனவர்கள் மேஜைக்குத் திரும்பியதை அவள் பார்த்ததில்லை.

பயத்துக்கு இன்னும் பலமான மருந்து கேட்பதற்காக மறுநாளே நாத்தனாருடன் வைத்தியரம்மாவிடம் போனாள். பெஞ்சில் காத்திருக்கும்போதே உடம்பு ஆட ஆரம்பித்தது. வந்து கையைப் பிடித்த வைத்தியரம்மா நாடி பார்க்கவில்லை. ஈரமாய்ச் சில்லிட்டிருந்த உள்ளங்கையையே பார்த்தார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"பசிக்கலம்மா. நீங்க சொன்னபடிதான்."

"சாப்பிடல, சரி. எதையாவது முழுங்கினீங்களா?"

நாத்தனார் தொண்டையைச் செருமினாள். அவள் நாத்தனாரைப் பார்த்தாள், பிறகு ஆடிக்கொண்டிருந்த தன் விரல்களைப் பார்த்தாள்.

"சர்க்கரை மாத்திரை" என்றாள்.

சர்க்கரை கரைத்த தண்ணீர் வந்தது. முழு டம்ளரையும் குடிக்கவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் விரல்கள் அவள் சொன்ன பேச்சைக் கேட்டன. இத்தனை நாள் பயந்த பயம் ஒரு டம்ளர் தண்ணீரில் கரைந்துபோனதை அவள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்தியரம்மாவின் முகம்தான் வெளுத்திருந்தது.

"அவர் சர்க்கரையை இறக்க மாத்திரை கொடுக்குறார், நான் உங்களைப் பட்டினி போடுறேன். நடுவுல நீங்க போய்ச் சேர்ந்திருந்தா ஏன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்காதும்மா."

வாய்வார்த்தையை நம்பியது தன் தப்பும்தான் என்றார். சர்க்கரை டாக்டருக்குத் தானே போன் செய்து பேசினார். அன்று மாலையே அவள் சூரணப் புட்டியோடு அந்த டாக்டர் முன்னால் போய் நின்று வாங்கவேண்டிய திட்டையெல்லாம் வாங்கினாள். அவர் மாத்திரையைக் குறைத்தார். கொஞ்சமாக இருந்தாலும் வேளை தவறாமல் சாப்பிட்டாக வேண்டும், தன்னைக் கேட்காமல் எந்தப் புட்டியையும் திறக்கக்கூடாது என்றார். வேளைக்குச் சாப்பிட்டதும் வயிறு பழையபடி லேசாக உப்பியது. பரவாயில்லை, உப்பட்டும் என்று இருந்தாள். நாத்தனார் மட்டும், இரண்டு வீட்டுக்காரர்களும் சம்பந்தியாகிவிட்டார்கள் என்று முணுமுணுத்தாள்.

எல்லாம் மாத்திரையால் வந்த வினை என்று தொழிற்சாலையிலும் தெரிந்துபோனது. மேற்பார்வையாளன் சந்தோஷமாகவே மேஜைக்குக் கூப்பிட்டான். அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டிருந்தாள். வீட்டிலேயே விரலைக் குத்திச் சர்க்கரையும் பார்த்துவிட்டாள். அளவு சரியாகவே இருந்தது.

துணி அடுக்கு காத்திருந்தது. கத்தியின் பிடியில் கை வைத்தாள். உரசிய அந்தச் சத்தம் காதுக்குள் கேட்டது. விரல்கள் ஆடின.

இது பசியில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. மாத்திரையும் இல்லை. பழியைப் போட இனி யாரும் மிச்சமில்லை. வாயை மூடிக்கொண்டு ஓட்டினால் ஒருவேளை சரியாகவே வெட்டிவிடலாம். சொன்னால் மேஜை போய்விடும். சர்க்கரைத் தண்ணீரில் கரையாத இதற்கு எந்த வைத்தியரிடம் போவது?

"என்னக்கா, ஓட்டுங்க" என்றான் அவன்.

அவள் பிடியிலிருந்து கையை எடுத்தாள். "தம்பி, சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன். ஆனாலும் கை நடுங்குது. இது பயம்."

பக்கத்து மேஜைக்காரன் திரும்பிப் பார்த்தான். மேற்பார்வையாளன் அவள் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். கத்திக்குப் போகும் மின்சாரத்தை அணைத்தான். அவள் நகர்ந்து போகவில்லை. அவன் என்ன சொல்லப்போகிறான் என்று மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.