ஹோல்பன்

நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறை தீப்பிடித்தபோது, கணக்குப்பிள்ளை ராஜசிங்மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி வெளியே இழுத்துப் போட்டவள் மாடத்தி. அங்கே திரி வெட்டுகிறவள்.

ராஜசிங்கின் மனைவி ஜெயக்கொடி விருதுநகரில் இங்கிலீஷ் டீச்சர். கணவர் தேறி எழுந்து உட்கார்ந்த வாரம், வேதக்கோயிலில் நன்றி ஆராதனைக்கு ஆங்கில பைபிள் பாடம் வாசிக்க அவளைக் கேட்டார்கள். வாசித்துப் பார்த்தவள் ஒரு சொல்லில் நின்றுவிட்டாள். 'ஹோல்பன்'. ஆண்டவர் தம் ஊழியனுக்கு உதவினார் என்கிற இடம். ஹெல்ப் என்றால் ஹெல்ப்டு என்றுதானே வரவேண்டும்?

"அச்சுப்பிழையா இருக்கும், திருத்தி வாசி" என்றார் தலைமையாசிரியை. ஜெயக்கொடிக்கு மனசு ஒப்பவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில், கட்டு மாற்ற வந்த ஜெர்மன் நர்ஸ் ஹில்டாவிடம் காட்டினாள். ஹில்டா சிரித்துவிட்டார்.

"பிழையில்லை. எங்கள் பாஷையில் இன்றைக்கும் 'கெஹோல்ஃபன்' என்போம். இங்கிலீஷும் ஜெர்மனும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்தக் காலத்தில் இங்கிலீஷிலும் இந்தச் சொல் உள்ளுக்குள்ளேயே உயிரெழுத்து மாறும். பிறகு மற்ற சொற்களைப் பார்த்து 'டு' என்று வால் ஒட்டிக்கொண்டார்கள். வேதப் புத்தகத்தில் மட்டும் பழசு தங்கிவிட்டது."

"நம்ம 'காண்' 'கண்டான்' ஆகிற மாதிரி! 'ஓடு'ன்னா 'ஓடினான்'னு பின்னால ஒட்டிக்கிட்டாப் போதும்" என்றாள் ஜெயக்கொடி. கட்டிலிலிருந்து ராஜசிங், "பாடம் நடத்தினது போதும், கஞ்சி ஆறுது" என்றார். அவர் குரலை மறுபடி கேட்கக் கிடைத்ததே என்று அவளுக்குக் கண் கலங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மாடத்தியை வற்புறுத்தி அழைத்துவந்து முன் பெஞ்சில் உட்காரவைத்தாள். அவளுக்கு இரண்டு கையிலும் தீக்காயக் கட்டு. திருத்தாமல், ஹோல்பன் என்றே நிதானமாக வாசித்தாள் ஜெயக்கொடி.

வெளியே வந்ததும் மாடத்தி, "என்ன படிச்சீக டீச்சரம்மா? ஓரிடத்துல என்னையவே பாத்தீகளே?"

"உதவி கிடைச்சதைச் சொல்ற பழைய சொல்லு. அதைச் சொல்லயில உன் முகந்தான் வந்துச்சு."

"நல்லாச் சொன்னீக போங்க! சாக்கு கிடந்துச்சு, எடுத்தேன். சாருக்கு இப்பம் எப்படி இருக்கு?"

"நடக்காக. நீ சாப்பிட்டியா?"

மாடத்தி கட்டுப்போட்ட கைகளைப் பார்த்துத் தயங்கினாள். ஜெயக்கொடி வீட்டுக்குக் கூட்டிப்போய், சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைந்தாள்.

"ஐயோ, வேண்டாம் டீச்சரம்மா..."

"வாயைத் திற" என்று முதல் உருண்டையை ஊட்டினாள்.