ஒரே பூசையில் இரண்டு கருத்து

போனில் ஃபாதரின் குரல் தயங்கியது. "மதலைமுத்து ஐயா, டேவிஸ் நினைவுப் பூசை அன்னைக்கே சோனியாவும் நன்றிப் பூசை கேக்கறாங்க. அவங்கள வேற நாளைக்கு மாத்திடவா?"

வேண்டாம் என்றேன். ஒரே நாளில் நடந்ததை எங்கே கொண்டுபோய் மாற்றுவது? கொள்ளேகால் ரோட்டில் ஒரு வேன் கால்வாயில் கவிழ்ந்தபோது, ராணுவத்திலிருந்து லீவில் வந்திருந்த என் மகன் டேவிஸ் பைக்கைப் போட்டுவிட்டுக் குதித்தான். முன்பின் தெரியாத சோனியாவையும் அவள் கைக்குழந்தை ஸ்வீட்டியையும் கரையேற்றினான். டிரைவரைத் தேடி மறுபடி இறங்கியவன் வரவில்லை.

அதிலிருந்து என் எதிரில் யாரும் அவன் பெயரை எடுப்பதில்லை. என் மனசு நோகுமாம். இந்த நல்ல மனசுக்காரர்களின் தொல்லை பெரிய தொல்லை. ஹெப்பாள் பேக்டரியில் கூட வேலை பார்த்தவர்கள்கூட மழையைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசிவிட்டு நழுவுகிறார்கள். என் மனைவி மோலியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் "டேவிஸ்" என்று நானே சொல்லி நானே கேட்டால்தான் உண்டு. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து அவனைப் பற்றிப் பேச மாட்டார்களா என்று ஏங்கிப்போயிருந்தேன். அழுதுகொண்டு ஒரே ஒரு தடவை வந்துபோன சோனியா, இன்றைக்காவது பேசுவாள் என்று நம்பினேன்.

பூசை எதற்காக என்கிற இரண்டு கருத்தையும் ஃபாதர் அடுத்தடுத்து வாசித்தார். டேவிஸின் ஆன்மா இளைப்பாற. ஸ்வீட்டி உயிர் பிழைத்ததற்கு நன்றியாக. சோனியா குனிந்த தலை நிமிரவில்லை.

முடிந்ததும் கோயில் வாசலில் நின்று எல்லோருக்கும் பன் கொடுத்தேன். சோனியா தூரத்திலேயே நின்றுவிட்டாள். ஸ்வீட்டி மட்டும் ஓடி வந்தாள். பள்ளிக்கூடம் போகிற பெண்ணாக வளர்ந்திருந்தாள்.

"யாருக்காகத் தாத்தா பன்னு?"

"என் மகனுக்காக. தண்ணியில போயிட்டான்."

"ஹௌதா, அப்படியா? நானும் பாப்பாவா இருக்கறப்போ தண்ணியில விழுந்தேன். ஒரு மிலிட்டரி மாமா தூக்கிட்டாரு. அவரு ஊருக்குப் போயிட்டாருன்னு அம்மா சொல்றாங்க. அவரு பேரு உங்களுக்குத் தெரியுமா?"

அந்தப் பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நிமிர்ந்தேன். சோனியா அங்கிருந்தே என்னைப் பார்த்துக் கைகூப்பி, வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"தெரியாதும்மா," என்றேன். ஒரு பன்னை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"எங்கயாச்சும் பாத்தா, நான் ஸ்விம்மிங் கத்துக்கறேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

அவள் ஓடிப்போய் ஸ்கூட்டரில் அம்மாவுக்குப் பின்னால் ஏறிக்கொண்டாள். பன்னை வாயில் கவ்வியபடி என் பக்கம் திரும்பி, ஒரு கையால் காற்றில் நீந்திக் காட்டிக்கொண்டே போனாள்.