நாலு தெய்வத்தின் ஊர்

ஈராக்கில் எர்பில் கோட்டைக்குக் கீழே உள்ள தேநீர்க் கடையில் முப்பது வருடமாக ஒரே சண்டை: ஊர்ப் பெயருக்கு என்ன அர்த்தம்?

துணிக்கடை ஷேர்கோ குர்து இனத்தவர். அவருக்கு இது ஹவ்லேர்; சூரியன் கோயில் இருந்த இடம் என்பார். கடிகாரம் பழுது பார்க்கும் யோனான் அசீரியக் கிறிஸ்தவர். அவருக்கு ‘அர்பா இலு’, நாலு தெய்வம். ஒருமுறை பல்கலைக்கழகத்து வாத்தியார் ஒருவர் வந்து, பெயர் இதையெல்லாம்விடப் பழசு, அர்த்தம் யாருக்கும் தெரியாது என்றார். அன்றைக்கு மட்டும் இருவரும் ஒரே கட்சி. வாத்தியார் எழுந்து போகும்வரை அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தக் கடையில் கரண்டியைக் கிளாஸ் மேல் குறுக்கே வைத்தால்தான் போதும் என்று அர்த்தம். வைக்காதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். முதலில் வைத்தவன் வாதத்தில் தோற்றவன் என்று இவர்கள் ஒரு சட்டம் போட்டு, இருவருமே வைக்காமல், வயிற்றைக் கெடுத்துக்கொண்டு, கடை மூடும்போதுதான் எழுந்து போவார்கள்.

ஒருநாள், விசா வந்துவிட்டது, வியாழக்கிழமை சுவீடனுக்கு மகனிடம் போகிறேன் என்று யோனான் சொன்னார். ஷேர்கோ அந்த ஊர்க் குளிரைப் பழித்தார், மீனைப் பழித்தார், அவர் மருமகளைக்கூடப் பழித்தார். யோனான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தன் தெருவில் இருந்த அசீரியர்கள் எல்லாரும் வெளிநாடு போய்விட்டதாகச் சொன்னார்.

“செத்தா தூக்க நாலு பேர் வேணாமாடா?”

“நான் ஒருத்தன் இருக்கேன்ல.”

“மீதி மூணு?”

ஷேர்கோவிடம் மூன்று இல்லை. முப்பது வருடமாகக் கொடுக்காத ஒன்றுதான் கையில் இருந்தது.

“சரி, நாலு தெய்வம்தான். நீ சொன்னதுதான் சரி. ஒத்துக்கிறேன். போகாத.”



“இதை ஏன்டா சொன்ன? சண்டை போட நீ ஒருத்தன் இருக்கியேன்னுதான் போகலாமா வேணாமான்னு இன்னும் ரெண்டு மனசா இருந்தேன்.”

யோனான் கரண்டியை எடுத்துக் கிளாஸ் மேல் குறுக்கே வைத்தார். ஜெயித்தவன் வைப்பது சட்டத்தில் இல்லை.

அடுத்த வாரம் யோனானின் நாற்காலியில் பாஸ்ராவிலிருந்து வந்த ஒருவர் உட்கார்ந்தார். ஊர்ப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று அவராகவே கேட்டார்.

“நாலு தெய்வம்,” என்றார் ஷேர்கோ. பிறகு அவர் மறுப்பார் என்று காத்திருந்தார்.

“ஓ, அப்படியா. நல்ல பேரு,” என்றார் வந்தவர்.

ஷேர்கோவின் கிளாஸில் பாதித் தேநீர் இருந்தது. கரண்டியைக் குறுக்கே வைத்துவிட்டு எழுந்தார்.