பூட்டப்படாத மரபணு

"அமீரா! சீக்கிரம் வா லா!"

வருண் போட்ட கூச்சலில் ஆய்வுக்கூடமே திரும்பிப் பார்த்தது. அமீரா கையுறையைக் கழற்றவும் மறந்து ஓடினாள். அவன் கணினித் திரையில் வரிசை வரிசையாகக் கோடுகள். ஒவ்வொரு வரிசையும் ஒரு செல். அத்தனையும் அவள் தம்பி இம்ரானின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த புற்றுநோய்ச் செல்கள்.

"இங்க பாரு. நாம தேடின ஜீன் மேல குறி விழுந்திருக்கு. ஒண்ணு ரெண்டு செல்லுல இல்ல, கிட்டத்தட்ட எல்லாத்துலயும்!"

அமீரா திரைக்கு அருகே குனிந்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

அது புற்றுநோயை அடக்கி வைக்கும் மரபணு. சில நோயாளிகளின் செல்களில் அதன்மேல் ஒரு வேதிக்குறி ஏறிக்கொண்டு, பூட்டுப் போட்டதுபோல் அதை முடக்கிவிடும். புதிதாக வந்திருக்கும் மருந்து அந்தப் பூட்டை உடைக்கும். பூட்டு இருப்பவர்களுக்கு மட்டுமே மருந்துச் சோதனையில் இடம். மிச்சமிருந்தது ஒரே இடம். கீமோ இரண்டு முறை தோற்றுப்போன இம்ரானுக்கு வேறு மருந்தும் மிச்சமில்லை.

அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. தாழ்வாரத்துக்குப் போய்த் தம்பியைப் போனில் அழைத்தாள்.

"என்ன லாத்தா, பாஸா ஃபெயிலா?" அக்காவை அவன் லாத்தா என்றுதான் கூப்பிடுவான்.

"பாஸுடா!"

 "உம்மா! உம்மா, இங்க வாங்க!" என்று மறுமுனையில் அவன் அலறியது காதைக் கிழித்தது. அம்மா விசும்புவதும் "அல்ஹம்துலில்லாஹ்" என்பதும் கலந்து கேட்டன. "லாத்தா, ட்ரீட் உங்க செலவு. முஸ்தபா கடை பக்கத்துல மட்டன் சூப். உறிஞ்சி உறிஞ்சிக் குடிப்பேன், கேவலமாப் பாக்கக் கூடாது."

சிரித்துக்கொண்டே திரும்பி வந்தவள், மருந்துச் சோதனையை நடத்தும் டாக்டருக்கு அனுப்புவதற்காகப் படத்தைப் பெரிதாக்கினாள்.

சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

பூட்டுக்குறி இருக்கும் இடம் மேடு தட்டியதுபோல் அகலமாகத் தெரியும். பல வருடமாக அவள் பார்த்துப் பழகிய உருவம் அது. இங்கே மேடு இல்லை. கோடுகள் ஊசி ஊசியாக நின்றன. வேறொரு மரபணுவைத் திரைக்குக் கொண்டுவந்தாள். உயிரோடிருக்கும் எந்தச் செல்லும் பூட்டி வைக்க முடியாத மரபணு.

அங்கேயும் ஊசி.

"வருண்..."

எட்டிப் பார்த்த வருணின் முகம் மாறியது. அவனுக்கு விளக்கத் தேவையில்லை. இந்தச் சோதனை இருவர் சேர்ந்து போகும் வேட்டை மாதிரி. முன்னே போவது ஆன்டிபாடி. மோப்பம் பிடித்து அந்தக் குறியின்மேல் மட்டும் போய் உட்காரும். அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவது, அதற்கென்றே வடிவமைத்த ஒரு என்சைம். ஆன்டிபாடி உட்கார்ந்த இடத்தில் டிஎன்ஏவை வெட்டி, அடையாளச் சீட்டு ஒட்டும். ஆனால் அந்த என்சைமுக்குச் சொந்தப் புத்தியும் உண்டு. யாரும் கூப்பிடாவிட்டாலும், டிஎன்ஏ திறந்து கிடக்கும் இடமாகப் பார்த்துப் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த அழையா விருந்தாளியை விரட்டத்தான் உப்புக் கூடுதலான கரைசலில் செல்களைக் கழுவுவது.

"வாஷ் பண்ணது யாரு?" என்றான் வருண்.

"நான்தான்."

"உப்பு?"

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாதி."

"பைத்தியமா உனக்கு? புதுசா வர்ற பசங்ககூட இதைப் பண்ண மாட்டாங்களே!"

"முதல்ல முழு உப்புல ட்ரை பண்ணப்போ செல்லெல்லாம் கட்டி கட்டியா ஒட்டிக்கிச்சு. இருந்ததே கொஞ்சம். பாவமா இருந்துச்சு."

"பாவமா? செல்லுக்கா? மத்தவங்க செல்லைப் பாத்து என்னைக்காவது பாவப்பட்டிருக்கியா நீ? உன் தம்பி சாம்பிள்னு தெரிஞ்சும் உன்னைத் தொட விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அவள் மீண்டும் அந்த ஊசிகளைப் பார்த்தாள். என்சைம் அந்த மரபணுவில் போய் ஒட்டியிருக்கிறது என்றால், அந்த இடம் திறந்து கிடந்திருக்கிறது. பூட்டே இல்லாமல் இருக்கலாம்.

மின்னஞ்சல் தயாராக இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும். டாக்டர் நம்புவார், இம்ரானுக்கு இடம் கிடைக்கும். கிடைத்து என்ன? உடைக்கப் பூட்டில்லாத உடம்புக்குள் போகும் மருந்து, மிச்சமிருக்கும் நல்ல ரத்தத்தையும் சேர்த்து அழிக்கும். பூட்டோடு காத்திருக்கும் இன்னொருவர் வெளியே நிற்பார். எல்லாம் தெரிந்தும் அவள் விரல் அந்தப் பொத்தானைவிட்டு நகரவில்லை.

வருண்தான் மெதுவாக அவள் கையை எடுத்துவிட்டான். "இன்னொரு டியூப் ஃப்ரீசர்ல இருக்குல்ல? நான் பண்றேன். நீ கிட்டயே வராத."

சில நாள் கழித்து வந்த முடிவை அவர்கள் சேர்ந்தே பார்த்தார்கள். இருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் மேடுகள் அழகாக, அகலமாக எழுந்திருந்தன. சோதனையில் குறையே சொல்ல முடியாது. அந்த ஒரு மரபணுவின்மேல் மட்டும் வெறும் தட்டைக் கோடு. பூட்டு இல்லை. மருந்துக்கு அங்கே வேலையும் இல்லை.

வருண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். அமீரா தானே டாக்டருக்கு எழுதினாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு லிட்டில் இந்தியா ரயிலைப் பிடித்தாள்.

உம்மாவும் இம்ரானும் இருந்த வீடு தேக்கா சந்தைக்கு மேலே இருந்த அடுக்குமாடியில். கீழே பூமாலையும் மீனும் கலந்த வாடை. அவள் வருவதை மேலிருந்தே பார்த்துவிட்டு, இம்ரான் லிஃப்ட் வாசலுக்கே வந்து நின்றான். தொப்பிக்குக் கீழே முடியில்லாத தலை. முகத்தில் மட்டும் திருவிழா.

"என்ன லாத்தா, மெசேஜ் போட்டா பதிலே இல்ல? பெரிய சயின்டிஸ்ட் ஆயிட்டீங்க லா."

"இம்ரான், அது தப்பு."

"எது?"

"ரிசல்ட். நான் கழுவினது சரியில்ல. வருண் திரும்பப் பண்ணான். அந்தப் பூட்டு உனக்கு இல்லடா."

அவன் புரியாதவன்போல் சிரித்தான். அந்தச் சிரிப்பு கலைய வெகுநேரம் பிடித்தது.

"அப்ப அந்த இடம்?"

"வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் லிஃப்டிலிருந்து இறங்கித் தலையசைத்தார். இருவரும் பதிலுக்குத் தலையசைத்தார்கள். அவர் கதவு சாத்தும்வரை காத்திருந்தார்கள்.

"சீக்கு போகாதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும் லாத்தா. மனசைத் தேத்தி வெச்சிருந்தேன். நீங்க ஏன் போன் பண்ணீங்க?" அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். "ஒரு தடவை செக் பண்ணிட்டுப் பண்ணியிருக்கலாம்ல?"

"உனக்கு முதல்ல சொல்லணும்னு..."

"நான் சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன். சாங்கி ஏர்போர்ட்ல என்கூட வேலை பாக்குற அத்தனை பேருக்கும் தெரியும். கார்கோ செக்ஷன்ல கேக் வெட்டினாங்களாம், என் பேரைப் போட்டு."

அவள் அவன் கையைப் பிடிக்கப் போனாள். அவன் விலக்கினான். ஒரு கணம் கழித்து அவனே அவள் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டான். எலும்பும் காய்ச்சலுமாக இருந்தான். எவ்வளவு லேசாகிவிட்டான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"உம்மாகிட்ட நான் சொல்றேன்," என்றான். "நீங்க சொன்னா அழுதுருவீங்க."

உள்ளே போனார்கள். உம்மா கூடத்தில் நின்று, இம்ரானின் வேலைச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நெஞ்சுப்பக்கம் தளர்ந்திருந்த துணியைப் பிடித்து உள்பக்கமாகத் தைத்து, இப்போதைய உடம்புக்கு அளவாக ஆக்கியிருந்தார்.

"வா அமீரா. இவன் வேலைக்குப் போறப்ப தொளதொளன்னு இருக்கக் கூடாதுல்ல? அதான் பிடிச்சு வெச்சேன். உடம்பு தேறினா பிரிச்சு விட்டுக்கலாம்."

இம்ரான் வாயைத் திறந்தான். சட்டையைப் பார்த்தான். சுவர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டான்.

அமீரா இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். உம்மாவின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"உம்மா, நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"எதைம்மா?" என்று உம்மா சிரித்த முகத்தோடு கேட்டார்.